சிதைந்த மதிலும் எழுந்த கோபுரமும்
ஜெர்மானிய நிலக்காட்சி ஓவியங்களிற் கட்டடமும் இயற்கையும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அவ்விடத்துத் தோன்றும் மரமும் மாவும் புள்ளும் பிறவும் கருப்பொருள் என்றும், அவற்றின்கண் வைத்து உணர்த்தப்படும் உள்ளத்து ஒழுகலாறு உரிப்பொருள் என்றும் வகுத்தது தமிழ்ப் பொருளிலக்கணம். நிலக்காட்சி என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று. உள்ளத்தின் நிலையைத் தாங்கி நிற்பதும் அதுவே என்பது இவ்வகுப்பின் கருத்து. ஐரோப்பிய ஓவியர் இக்கருத்தைத் தம் கலையிற் பெரிதும் போற்றிய காலம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியும் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியும் ஆகும். அதற்கு முன்னரும் அந்நாடுகளில் நிலக்காட்சி ஓவியங்கள் இருந்தன. ஆலந்து நாட்டார் 17-ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைத் திறம்பட எழுதினர். ஆயினும், கலைக்கழகங்களில் சமய வரலாற்றையும் அரசர் வரலாற்றையும் எழுதுதலே உயர்ந்தது என்றும், மலையும் மரமும் எழுதுதல் தாழ்ந்தது என்றும் கருதும் வழக்கு நெடுங்காலம் நிலவியது. ரொமாண்டிக் இயக்கம் என ஐரோப்பியர் வழங்கும் புனைவியல் இயக்கம் அவ்வழக்கை மாற்றியது.

அவ்வியக்கத்தைச் சார்ந்த ஓவியர்கள் இயற்கையை எழுதியபொழுது, அதனிடையே கட்டடம் ஒன்றை நிறுத்துதலைப் பெரிதும் விரும்பினர். அக்கட்டடமும் பெரும்பாலும் அரண்மனை அன்று. கூரை இழந்த மடமோ, முற்றுப்பெறாத பேராலயமோ ஆகும். மனிதன் எடுத்ததும் தானே முளைத்ததும் அருகருகே நிற்கையில் எழும் எண்ணங்கள் பல. அவ்வெண்ணங்கள் தாளிற் கோடாக நின்றதோடு அமையாமல், கல்லிலும் செங்கல்லிலும் பயன் விளைத்த வரலாறு அறியத்தக்கது. அதனை எல்டெனா, கொலோன் என்னும் இரண்டு இடங்களைக்கொண்டு காணலாம்.

எல்டெனா மடம்

ஜெர்மனி நாட்டின் வடகிழக்கில், பால்டிக் கடலின் ஓரத்தே கிரைப்ஸ்வால்டு என்னும் நகரம் உள்ளது. அதன் அருகே, ரிக் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில், எல்டெனா என்னும் கிறித்துவத் துறவியர் மடத்தின் சிதைவுகள் நிற்கின்றன. சிஸ்டர்சியன் எனப்படும் துறவு நெறியினர் கி.பி. 1199-இல் இதனை நிறுவினர். கல் அரிதாகிய அச்சமவெளியில் அவர்கள் செங்கல் சுட்டு, கூர்நுனி வளைவுகளை உடைய பெரிய ஆலயம் எடுத்தனர். கிரைப்ஸ்வால்டு நகரமே இம்மடத்தின் ஆதரவில் தோன்றி வளர்ந்தது என்பர்.

16-ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் தொடங்கிய சமயச் சீர்திருத்தம் அப்பகுதியிற் பரவியது. அதன் பயனாக 1535 அளவில் மடம் கலைக்கப்பட்டது, துறவியர் நீங்கினர், உடைமைகள் ஆட்சியாளர் கைப்பட்டன. 1618 முதல் 1648 வரை நிகழ்ந்த முப்பதாண்டுப் போரில் கட்டடம் ஊறுபட்டது. அதன் பின்னர் நேர்ந்த அழிவு போரினும் பெரிது. அவ்வட்டாரத்தார் எல்டெனாவின் மதில்களைச் செங்கற் சூளையாகவே கொண்டு, வேண்டியபொழுதெல்லாம் பெயர்த்துச் சென்று வேறு கட்டடங்களுக்குப் பயன்படுத்தினர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஞ்சி நின்றவை சில தூண்களும், உடைந்த மதில்களும், மேற்குப் புறத்தே வானம் தெரியும் பெரிய பலகணியொன்றை உடைய உயர்ந்த முகப்புச் சுவரும் ஆகும். தூண்களின் இடையே மரங்கள் செழித்தன.

இறை வழிபாட்டிற்கென எடுத்த ஆலயம் ஊரார்க்குச் செங்கற் குவியலாயிற்று. அதனைக் குவியலாகக் காணாது வேறொன்றாகக் கண்ட முதற் பெருங் கண் ஓர் ஓவியருடையது.

ஓவியரும் அவர்தம் கோடும்

காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் என்பார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் கிரைப்ஸ்வால்டில் பிறந்தவர். அவர் தந்தையார் சவர்க்காரமும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். அந்நகரப் பல்கலைக்கழகத்தின் சித்திர ஆசிரியராகிய குவிஸ்டார்ப் என்பவரிடம் பிரீட்ரிக் முதற்கண் பயின்றார். அவ்வாசிரியர் கட்டடக் கலையும் வல்லவர். மாணாக்கரைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்று, கண்டதைக் கண்டவாறே வரையப் பழக்கியவர். பின்னர் 1794 முதல் 1798 வரை கோப்பன்ஹேகன் நகரக் கலைக்கழகத்தில் பயின்ற பிரீட்ரிக், 1798-இல் டிரெஸ்டன் நகரிற் குடியேறி, 1840-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் காலமாகும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

எண்ணெய் வண்ண ஓவியத்தால் இன்று உலகப் புகழ் பெற்றவர் எனினும், அவர் முதலிற் பெயர் பெற்றது கோட்டோவியத்தினாலும், செபியா என்னும் பழுப்பு மையால் எழுதிய சித்திரங்களாலும் ஆகும். கணவாய் மீனின் மையினின்று பெறப்படுவது செபியா. ஒரே மையை நீர் கூட்டியும் குறைத்தும் பயன்படுத்தி, மூடுபனியையும் நிலவொளியையும் அவர் காட்டினார். 1805-இல் வைமார் நகரத்தே பெருங் கவிஞர் கதே நடத்திய ஓவியப் போட்டிக்கு அவர் இரண்டு செபியாச் சித்திரங்களை விடுத்தார். போட்டிக்குக் குறித்த பொருளை அவை தழுவாதிருந்தும், பரிசில் ஒரு பாதி அவருக்கு வழங்கப்பட்டது.

அவர் தொழில் செய்த முறை நோக்கத்தக்கது. அவர் பலமுறை நடைப் பயணம் மேற்கொண்டு, பென்சிலால் மரத்தையும் பாறையையும் சிதைந்த சுவரையும் நுணுக்கமாக வரைவார். வரைந்த நாளையும் தாளிற் குறிப்பார். ஓக் மரமாயின் அதன் முறிந்த கிளை எத்திசை நோக்குகிறது என்பது தவறாது. பலகணியாயின் அதன் வளைவு எங்கு உடைந்துள்ளது என்பது தவறாது. 1801, 1802-ஆம் ஆண்டுகளில் பிறந்த ஊர்ப் பக்கம் தங்கியபொழுது எல்டெனாவையும் இவ்வாறே வரைந்தார். ஆண்டுகள் பல கழிந்த பின்னர், டிரெஸ்டனில் தம் அறையில் இருந்து பெரிய ஓவியம் எழுதுங்கால் இத்தாள்களை எடுத்து, ஓரிடத்து மரத்தையும் வேறோரிடத்துச் சுவரையும் ஒன்றாகச் சேர்ப்பார். பகுதிகள் யாவும் மெய். சேர்க்கை மட்டும் கற்பனை. அவர்தம் ஓவியங்களின் வலிமை இவ்விரண்டின் கூட்டத்தால் விளைந்தது.

ஓக் காட்டில் மடம்

இம்முறையிற் பிறந்தவற்றுள் தலையாயது 'ஓக் காட்டில் மடம்' என்னும் ஓவியம். 1809, 1810-ஆம் ஆண்டுகளில் எழுதப்பட்ட இது, ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் உயரமும் 171 சென்டிமீட்டர் அகலமும் உடையது. எல்டெனாவின் மேற்கு முகப்புச் சுவர் நடுவே தனித்து நிற்கிறது. அதன் இருபுறமும் இலை உதிர்ந்த ஓக் மரங்கள் கிளை முறிந்து நிற்கின்றன. நிலம் பனி மூடிய இடுகாடு. முன்னே தோண்டப்பட்ட புதைகுழி ஒன்று. துறவியர் சிறு கூட்டமாகச் சவப்பெட்டி ஒன்றைச் சுமந்து, உடைந்த வாயிலினூடே செல்கின்றனர். கீழ்ப்பகுதி முழுதும் இருள். மேலே வானம் மட்டும் ஒளியுற்று விளங்க, மெல்லிய பிறைநிலவு தோன்றுகிறது.

எல்டெனாவில் துறவியர் வாழ்வது ஒழிந்து, ஓவியர் காலத்தில் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. வழிபாடே இல்லாத ஆலயத்தினுள் வழிபாட்டிற்குச் செல்வார்போல் அவர்களை அவர் எழுதினார். சுவரை விட்டகன்றோர் சுவரொடு மீண்டனர் என்று கொள்வதா, அவர்களும் அச்சுவரொடு அடக்கம் செய்யப்படுகின்றனர் என்று கொள்வதா என்பதில் ஆய்வாளர் கருத்து வேறுபடுவர். ஒன்று மட்டும் தெளிவு. இவ்வோவியத்தில் மரமும் சுவரும் ஒரே நிலையை எய்தியுள்ளன. மரம் இலை இழந்தது. சுவர் கூரை இழந்தது. மரத்திற்கு வேனில் வருங்கால் தளிர் உண்டு. சுவருக்கு அது தானே வாராது. இரண்டையும் அருகருகே நிறுத்தி, இவ்வேறுபாட்டைக் காண்பார் உள்ளத்திற்கே விட்டுவிட்டார் ஓவியர்.

பின்னாளில் எழுதிய ஓவியம் ஒன்றில், சமவெளிக்கு உரிய எல்டெனாவை, தாம் 1810-இல் நடந்து கண்ட ரீசன்கெபிர்கே என்னும் மலைத்தொடரின் முன்னர் நிறுத்தினார். இன்னும் வியப்பானது, கிரைப்ஸ்வால்டு நகரில் சிதையாது நின்ற யாக்கோபு ஆலயத்தையே கூரை இடிந்து சிதைந்ததாக அவர் வரைந்த சித்திரம். உள்ளபடி அளந்து வரைந்த தூண்களை வைத்துக்கொண்டே, இல்லாத அழிவை அவர் எழுதினார். நிற்கும் ஆலயமும் பேணுவார் இன்றேல் இந்நிலை எய்தும் என்பதை இதனினும் அழுத்தமாகக் கூறுதல் அரிது.

மரமே தூணாயிற்று என்னும் கொள்கை

மரத்தையும் ஆலயத்தையும் இவ்வாறு இணைத்தல் பிரீட்ரிக் ஒருவர்க்கே உரியதன்று. கூர்நுனி வளைவும் ஓங்கிய தூணும் உடைய கோதிக் கட்டட முறையை 18-ஆம் நூற்றாண்டிற் கற்றோர் பலர் ஒழுங்கற்றது என இகழ்ந்தனர். 1772-இல் இளைஞராகிய கதே, ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்தைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையில், அதனைக் கிளை பரப்பி ஓங்கிய பெரு மரத்தொடு ஒப்பிட்டார். உலகம் சுற்றிய கேயார்க் பார்ஸ்டர் 1790-இல் கொலோன் பேராலயத்தைக் கண்டு, அதன் தூண் வரிசையைத் தொன்மையான காட்டு மரங்களொடு ஒப்பிட்டு வியந்தார். ஸ்காட்லாந்து நாட்டினராகிய சர் ஜேம்ஸ் ஹால் என்பவர் இன்னும் ஒருபடி மேற்சென்றார். கோதிக் வளைவு மரக்கொம்புகளை வளைத்துக் கட்டிய பந்தலினின்று பிறந்தது என்று கருதிய அவர், கம்பங்களை நட்டு, வில்லோ மரத்தின் கொம்புகளை வளைத்துப் பிணித்துச் சிறு ஆலயம் ஒன்றையே தம் நிலத்தில் அமைத்துப் பார்த்தார். கொம்புகளிற் சில வேர் ஊன்றித் துளிர்த்தன.

வரலாற்று நோக்கில் இக்கொள்கை பொருந்தாது. கூர்நுனி வளைவு பாரத்தைப் பக்கங்களிற் பெரிதும் பரப்பாது கீழ் நோக்கி இறக்குவதற்கும், அகலம் வேறுபட்ட இடைவெளிகளை ஒரே உயரத்தில் மூடுவதற்கும் பயன்பட்ட உத்தி. தொழில் நுட்பத்தால் வளர்ந்ததேயன்றிக் காட்டினின்று பெயர்த்ததன்று. எனினும் இக்கொள்கை நற்பயன் ஒன்றை விளைத்தது. இகழப்பட்ட பழைய ஆலயங்களை மலையையும் மரத்தையும் போன்ற இயல்பான பொருளாக மக்கள் காணத் தொடங்கினர். பெர்லின் நகரத்துக் கட்டடக் கலைஞராகிய ஷிங்கல், 1810-இல் ஓக் தோப்பின் பின்னே கல்லறைகளின் நடுவில் கோதிக் ஆலயம் தோன்றும் சித்திரத்தைக் கல்லச்சில் வெளியிட்டார். கட்டடம் எடுப்போரே மரத்தொடு சேர்த்து அதனை எண்ணும் காலம் வந்துற்றது.

கொலோன் பேராலயம்

எல்டெனா கட்டி முடித்துச் சிதைந்தது. ரைன் ஆற்றங்கரையில் உள்ள கொலோன் பேராலயமோ கட்டி முடியாமலே நின்றது. 1248-இல் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கிழக்குப் பகுதியாகிய தலைமாடம் 1322-இல் திருநிலைப்படுத்தப்பட்டது. பின்னர்ப் பொருளும் ஊக்கமும் குன்ற, 16-ஆம் நூற்றாண்டில் வேலை நின்றது. கிழக்கே ஓங்கிய தலைமாடமும், மேற்கே பாதியில் நின்ற தென்கோபுரமும், இடையே தாழ்ந்த கூரையுமாக அது காட்சியளித்தது. தென்கோபுரத்தின் உச்சியில், கல் ஏற்றுதற்கு வைத்த மரப் பளுதூக்கி அவ்வாறே நின்றது. பரம்பரை பல கழிந்தும் அதனை யாரும் இறக்கவில்லை. அந்நகரின் அடையாளமாகவே அஃது ஆயிற்று. 1794-இல் பிரெஞ்சுப் படையினர் நகரைக் கைக்கொண்ட பின்னர், ஆலயம் கிடங்காகப் பயன்பட்டது.

கொலோன் நகரத்து வணிகர் குடியிற் பிறந்த சல்பிஸ் பாய்ஸரே என்னும் இளைஞர், 1808-இல் இக்கட்டடத்தை அளக்கத் தொடங்கினார். தூண், வளைவு, பலகணி ஒவ்வொன்றையும் அளந்து, தேர்ந்த ஓவியர்களைக்கொண்டு வரைவித்தார். உள்ளதை வரைந்ததோடு நில்லாமல், இரண்டு கோபுரங்களும் நிறைவுற்ற பேராலயம் எவ்வாறிருக்கும் என்பதையும் வரைவித்தார். 1811-இல் இச்சித்திரங்களைக் கதேயிடம் கொண்டுசென்று காட்டினார்.

பிரீட்ரிக் யாக்கோபு ஆலயத்தை வரைந்ததையும் இதனையும் ஒருங்குவைத்து நோக்குக. ஒருவர் நிற்பதைச் சிதைந்ததாக வரைந்தார். மற்றவர் நில்லாததை நிறைந்ததாக வரைவித்தார். இருவர்க்கும் அடிப்படை ஒன்றே: கற்பனைக்கு முன்னர்க் கண்ணால் அளந்த கோடு.

பாய்ஸரேயின் முயற்சிக்கு எதிர்பாராத துணை ஒன்று கிடைத்தது. பேராலயத்தின் மேற்கு முகப்பிற்கு இடைக்காலக் கொத்தனார்கள் தோலில் வரைந்த மூல வரைபடம் காணாமற் போயிருந்தது. அதன் ஒரு பாதி 1814-இல் டார்ம்ஸ்டாட் நகரத்தே விடுதியொன்றின் பரணில் அகப்பட்டது. மற்றொரு பாதியைச் சில ஆண்டுகளில் பாரிஸ் நகரிற் கண்டுபிடித்தனர். இரண்டையும் இணைக்க, 4 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடைய முழு வரைபடம் கிடைத்தது. கோபுரத்தின் வடிவம் இன்னதென ஊகிக்கவேண்டிய நிலை நீங்கி, முன்னோர் கருதிய வடிவே கைக்கு வந்தது.

இரண்டு பணிகளும் ஓர் இளவரசரும்

எல்டெனாவையும் கொலோனையும் பிணிக்கும் கயிறாக நின்றவர் பிரஷ்ய நாட்டுப் பட்டத்து இளவரசராகிய பிரெடரிக் வில்லியம். 1810-இல் 'ஓக் காட்டில் மடம்' பெர்லின் கலைக்கழகக் கண்காட்சியில் வைக்கப்பட்டபொழுது, 15 ஆண்டே நிரம்பும் பருவத்தினராகிய இவர் வேண்ட, தந்தையாராகிய அரசர் அதனையும் அதன் இணை ஓவியமாகிய 'கடலோரத் துறவி'யையும் விலைக்கு வாங்கினார். எல்டெனா இருந்த பகுதி அப்பொழுது சுவீடன் ஆட்சியில் இருந்தது. 1815-இல் பிரஷ்யாவுக்கு உரியதாயிற்று. 1827 அளவில், எஞ்சிய சுவர்களைப் பேணவேண்டும் என இளவரசர் வற்புறுத்த, செங்கல் பெயர்ப்பது நின்றது. காப்புப் பணிகள் தொடங்கின. தோட்டக் கலைஞராகிய லென்னே என்பாரின் திட்டப்படி சுற்றிலும் பூங்கா அமைக்கப்பட்டது. ஓவியத்தில் மரங்களிடையே நின்ற சுவர், நிலத்திலும் மரங்களிடையே காக்கப்பட்டது.

அவரே 1840-இல் அரசராகி, 1842-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் கொலோன் பேராலயத் திருப்பணியைத் தொடர்வதற்குரிய கல்லை நாட்டினார். அரசின் பொருளும், அதன்பொருட்டே மக்கள் அமைத்த சங்கத்தின் பொருளும் சேர்ந்தன. ஸ்விர்னர் என்னும் தலைமைக் கட்டடக் கலைஞர் பழைய வரைபடத்தைப் பின்பற்றிப் பணி நடத்தினார். பழமை போற்றிய அவர்கள் புதுமையை வெறுக்கவில்லை. மேற்கூரையின் சட்டத்தை இரும்பால் அமைத்தனர். 1868-இல் பழைய மரப் பளுதூக்கி இறக்கப்பட்டது. அரசர் 1861-இலேயே காலமானார். நிறைவைக் கண்டவர் அவர் தம்பியார். 1880-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் நிறைவு விழா நிகழ்ந்தது. காலஞ்சென்ற அரசர் பிறந்த நாளும் அதுவே. அடிக்கல் இட்ட ஆண்டிலிருந்து 632 ஆண்டுகள் சென்றன. 157 மீட்டர் ஓங்கிய அதன் கோபுரங்கள் அப்பொழுது உலகிற் கட்டப்பட்டவற்றுள் மிக உயர்ந்தனவாக விளங்கின.

ஓர் இடத்தைச் சிதைந்தவாறே காத்து, மற்றோர் இடத்தை முற்றுவித்தது முரண் போலத் தோன்றலாம். ஆராயுங்கால் முரண் இல்லை. கொலோனில் வழிபடுவோர் இருந்தனர். முன்னோர் வகுத்த வரைபடம் இருந்தது. எடுத்த பணி பாதியில் நின்றது. எனவே முடித்தல் கடனாயிற்று. எல்டெனாவில் துறவியர் இல்லை. இழந்த பகுதிகளின் வடிவை உறுதியாகக் காட்டும் வரைபடமும் இல்லை. அங்கே புதிதாக எடுப்பின், அஃது எல்டெனாவாக இராது. எடுப்போர் கற்பனையாகவே முடியும். ஆதலின் உள்ளதை உள்ளவாறு நிறுத்துதலே கடனாயிற்று. கட்டடத்தின் நிலை அறிந்து அதற்குரிய தொண்டு செய்தல் என்னும் ஒரே நெறி, இரண்டு இடங்களில் இரண்டு வடிவு கொண்டது.

எஞ்சிய வரலாறு

பிரீட்ரிக் வாழ்நாளின் இறுதியில் மறக்கப்பட்டார். 1835-இல் பக்கவாத நோய் கண்ட பின்னர், பெரிய ஓவியம் எழுத இயலாது, இளமையிற் பயின்ற செபியாச் சித்திரத்திற்கே மீண்டார். 1906-இல் பெர்லினில் நிகழ்ந்த பெருங் கண்காட்சியே அவரை மீண்டும் உலகிற்கு அறிவித்தது. அவர் எழுதிய 'பனியில் மடத்து இடுகாடு' என்னும் ஓவியம் 1945-இல் போரில் அழிந்தது, நிழற்படமே எஞ்சியது. சிதைவை எழுதிய ஓவியமும் சிதைவுக்கு விலக்கன்று என்பதற்கு அது சான்று. அதே போரில் கொலோன் பேராலயம் குண்டுகள் பல தாக்கியும் வீழாது நின்றது. 1996-இல் அஃது உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 'ஓக் காட்டில் மடம்' 2013 முதல் மூன்றாண்டுகள் பழுது நீக்கப்பெற்று, 2016-இல் பெர்லினில் மீண்டும் காட்சிக்கு வந்தது. பழுத்துக் கறுத்த மேற்பூச்சு நீங்கியபின், வானத்தின் ஒளி முன்னினும் விளங்கியது. ஓவியரின் 250-ஆம் ஆண்டு நிறைவு 2024-இல் ஜெர்மனி நகரங்கள் பலவற்றிற் கொண்டாடப்பட்டது.

ஓர் ஆலயத்தின் சுவரைப் பெயர்த்துச் செல்வோர்க்கும் அதனை அளந்து வரைவோர்க்கும் எதிரே நிற்பது ஒரே சுவர்தான். முன்னவர் அதனிற் செங்கல்லைக் கண்டனர். பின்னவர் எடுத்தோரின் உழைப்பையும், அடுத்து வருவோரின் கடமையையும் கண்டனர். எல்டெனாவின் மேற்குச் சுவர் இன்றும் மரங்களிடையே நிற்பதற்கும், கொலோனின் கோபுரங்கள் ரைன் ஆற்றின்மேல் ஓங்கி நிற்பதற்கும், பேணிய அரசர்க்கும் உழைத்த கொத்தனார்க்கும் முன்னதாக, அவற்றைப் பொறுமையுடன் நோக்கித் தாளிற் பதித்தோர் காரணராயினர் என்பது மறத்தற்கரிய உண்மையாகும்.